ஷட்டர் இறக்கிய பாலைவனம்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டதால் என் காதுக்கு வேறு வேலை இல்லை. முன் சீட்டில் ஒரு புருஷன், ஜன்னலோரம் அவர் மனைவி. ராஜஸ்தான் டூர் முடித்து, பெட்டிகளோடு வீடு திரும்புகிறார்கள்.

“பாலைவனத்துக்குப் போயி பாலைவனத்தைப் பாக்காம வந்த ஒரே பொம்பள நான்தான்யா.”

“ரயிலு பாலைவனத்தத் தாண்டுறப்ப நம்ம ஜன்னல்ல கண்ணாடி எறங்கல. மண்ணு அள்ளிக்கினு வந்துச்சு. இரும்பு ஷட்டரை எறக்காம இன்னா பண்றது? தூக்குல புளிசோறு இருந்துச்சில்ல.”

“தூக்குக்கு மூடி இன்னாத்துக்குக் கீது?”

“தொறந்து சாப்புடுறப்ப வுழுமே.”

“பகல் பூரா சாப்ட்டுக்கினா இருந்தோம்? கதவாண்ட போயி பாக்குறேன்னா, தூக்கைப் புடிச்சிக்கோன்னுட்ட. பக்கத்துல எல்லாரும் ஒட்டகம் ஒட்டகம்னு கத்துறாங்க, நான் இரும்புத் தகட்டைப் பாத்துக்கினு குந்திக்கினு இருக்கேன்.”

“மணலுதான்டி. மரக்காணம் கடக்கரைல இல்லாத மணலா?”

“மரக்காணத்துல ஒட்டகம் மேயுதா? கல்யாணம் ஆனதுலேர்ந்து கேட்டு, இப்பதான் இட்டுக்கினு போன. இன்னொரு வாட்டி போவமா?”

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

“வுடு. போன்ல காட்றேன்.”

“போன்ல பாக்கவா அம்மாந்தூரம் ரயில்ல போனேன்?”

கூட்டேரிப்பட்டு தாண்டும்போது லாரி ஒன்று புழுதியைக் கிளப்பியது. அவர் கை தானாகப் பஸ் கண்ணாடியை இழுக்கப் போனது. அந்த அம்மா பட்டென்று தட்டிவிட்டார்.

“கைய எடுய்யா. இந்த மண்ணையாச்சும் பாத்துக்கினு வர்றேன்.”