விழுந்தவனை விட்டிட்டுப் போறேல்லை

இரண்டு பெருவிரல்களாலும் தொலைபேசியில் எழுதப் பழகுவது அவ்வளவு கடினமில்லை. என் வயதுக்காரர் பலர் அதற்குப் பயப்படுகிறார்கள். முதலில் எழுத்துகள் மாறி விழும். பிறகு விரல் தானாகவே இடத்தைக் கண்டுபிடித்துவிடும்.

நடந்ததை ஒழுங்காக எழுதித் தரச் சொன்னீர்கள். ஓய்வுபெறும்வரை நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்குநராக இருந்தவன். மற்றவர்கள் எழுதியதில் பிழை பார்த்தே பழகியவன். சொந்தமாக எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் மன்னிக்கவும்.

என் பெயர் தியாகராசா. தெல்லிப்பழைக்கு அப்பால், இராணுவம் விட்டுக்கொடுத்த காணியில் திரும்பக் குடியேறியவர்கள் நாங்கள். முன்பக்கத்தில் வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. பின்பக்கம் பழைய வீட்டின் சுவர்களும் பற்றையும். என் மனைவி சிவகௌரி புதுவீட்டில் ஒரு வருடம்கூட இருக்கவில்லை, புற்றுநோயில் போய்விட்டா. அதன் பிறகு நானும் மகன் கீர்த்திகனும். அவன் பட்டினத்தில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் வேலை செய்தான். கார்த்திகை மழையில் வேலை முடிந்து வரும்போது டிப்பர் ஒன்று அடித்தது. தொலைபேசியைப் பொலித்தீன் பையில் சுற்றிக் காற்சட்டைப் பைக்குள் வைத்திருந்தான். அது நனையவுமில்லை, உடையவுமில்லை.

அந்தத் தொலைபேசியில் அவன் ஒரு சண்டை விளையாட்டு விளையாடுவான். நான்கு பேர் ஓர் அணி. விமானத்திலிருந்து குதித்து, துவக்குப் பொறுக்கி, மற்ற அணிகளைச் சுட வேண்டும். சுட்டு விழுத்தப்பட்டவன் உடனே சாவதில்லை. கொஞ்ச நேரம் தவழ்ந்துகொண்டு கிடப்பான். அதற்குள் கூட்டாளி ஒருவன் வந்து தொட்டால் எழும்பிவிடலாம். அவனுடைய ஹெட்செற் பழுதாகிக் கிடந்த மாதங்களில் அடுத்த அறையில் இருந்து நானும் எல்லாவற்றையும் கேட்டேன்.

"எடேய் பனங்காய், எங்கையடா நிக்கிறாய்?"

"வீட்டுக்குப் பின்னாலை."

"ஆற்றை வீட்டுக்குப் பின்னாலை? உன்ரை மாமியின்ரையோ?"

"விசரா, சுட வாறாங்கள், பகிடி விடாதை."

"நான் விழுந்திட்டன். எழுப்புங்கோடா!"

"கிட. உனக்கு உது காணும்."

"டேய், ரத்தம் ஓடுதடா!"

"ஓடட்டும். வானத்திலை வெள்ளி பாத்துக்கொண்டு கிட. ... சரி சரி கத்தாதை, வாறன்."

என் மகன்தான் பனங்காய். மற்றவர்கள் திருக்கை, ஐஸ்பழம், கொத்து. ஐஸ்பழம் கனடாவில் இருப்பவன். கொத்து மன்னார்ப் பக்கம் என்று பேச்சில் தெரிந்தது. திருக்கை பேசும்போது பின்னால் சில வேளை கடற்காற்று இரையும். ஒருவரை ஒருவர் நேரில் கண்டதில்லை. உண்மைப் பெயரும் தெரியாது. அவர்களிடம் இரண்டே சட்டங்கள் இருந்தன. விழுந்தவனை விட்டிட்டுப் போறேல்லை என்பது ஒன்று. ஊர் கேக்கிறேல்லை என்பது மற்றது.

இரண்டாவது சட்டம் ஏன் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. எங்கள் பக்கத்தில் ஊரைக் கேட்பது ஊரை அறிவதற்காக அல்ல. எந்த ஊர், எவடம், ஆற்றை மகன் என்று கேட்டு முடிப்பதற்குள், வந்தவனுக்குக் கதிரை கொடுப்பதா, எந்தக் கோப்பையில் தேத்தண்ணி கொடுப்பது என்பதெல்லாம் முடிவாகிவிடும். நானும் கேட்டு வளர்ந்தவன்தான். அவனுடைய சிநேகிதர்கள் யார் வந்தாலும் கேட்பேன். பிறகு சிநேகிதர்கள் வருவது நின்றுவிட்டது. அவனும் தொலைபேசியோடு இருந்துவிட்டான்.

எட்டுச்செலவுப் படையல் முடிந்து சனமெல்லாம் போன பிறகு, அதில் இருக்கும் படங்களைப் பார்க்கலாம் என்று தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றினேன். திறந்ததும் மழை மாதிரிக் கொட்டியது.

"டேய் பனங்காய், எங்கை?"

"செத்துட்டியோடா?"

"பனங்காய் மரத்தாலை விழுந்திட்டுது. ஆரும் கண்டால் பொறுக்கி வையுங்கோ."

"பகிடி இல்லை மச்சான். ஒரு சொல்லுப் போடு."

கடைசியைப் போட்டவன் திருக்கை. மரண அறிவித்தல் பத்திரிகையில் வந்தது. சந்திக்குச் சந்தி ஒட்டியும் இருந்தது. ஆனால் அதில் இருந்த கீர்த்திகனை அவர்களுக்குத் தெரியாது. நான் "கீர்த்திகன் காலமாகிவிட்டான்" என்று எழுதினேன். ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். பிழை ஒன்றுமில்லை. ஆனாலும் அழித்துவிட்டு, "வாறன்" என்று மட்டும் போட்டேன்.

மூன்று பேரும் ஒரேயடியாக எழுதத் தொடங்கினார்கள். என் மகனுக்கு அவ்வளவு ஏச்சு விழுந்ததை நான் ஒருநாளும் கேட்டதில்லை. மாடு, மொக்கன், பேய்ப்பயல், செத்த வீட்டுக்கு வர வாகனம் பிடிச்சனாங்களடா. ஏச்சு விழ விழ என் நெஞ்சு இலேசானது. முழு உலகத்திலும் அவன் உயிரோடு இருக்கிற ஒரே இடம் அதுதான். அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான் செய்தது அவ்வளவுதான்.

மைக் பழுதாகிவிட்டது என்று எழுதினேன். அவர்களின் குரலைக் கேட்டுக்கொண்டு, பதிலைத் தட்டுவேன். அவன் எழுதும் விதம் எனக்குத் தெரியும், தொழில் அப்படி. முற்றுப்புள்ளி வைக்கமாட்டான். சிரிப்பு வந்தால் 'க்க்க்' என்று போடுவான். எழுதுவது இலகுவாக இருந்தது. விளையாட்டுத்தான் பிடிபடவில்லை.

"பனங்காய், கையாலை விளையாடுறியோ காலாலையோ?"

"உவன் கலியாணம் கட்டிப்போட்டான், அதுதான். மைக்கை மனிசி பிடுங்கிட்டாள்."

"மச்சான், மனிசியைக் கூப்பிடு, அவளாவது சுடட்டும்."

நான் சிரித்தேன். வீட்டில் தனியே இருந்து சத்தமாகச் சிரித்தேன். விழுந்து கிடக்கும்போது எப்போதும் திருக்கைதான் வருவான். "அசையாதை, நான் வாறன்" என்பான். மற்ற இருவரும் வேண்டாமென்று கத்தக் கத்த வந்து என்னைத் தொட்டு எழுப்பிவிட்டு, தான் சூடுபட்டு விழுவான். ஒருநாள் சாப்பாட்டுக் கதை வந்தபோது, "பனங்காய்க்கு நண்டெண்டால் உயிர், வீட்டிலை சைவம் எண்டு கடையிலை களவாச் சாப்பிடுற சாமான் உது" என்றான். எனக்கு அது தெரியாது. எட்டுச்செலவுக்கு அவனுக்குப் பிடித்தது எல்லாம் படைத்தோம் என்றுதான் நினைத்திருந்தேன். நண்டு வைக்கவில்லை.

மாசி கழிந்து ஒருநாள் மத்தியானம், மற்றவர்கள் வரும்வரை நானும் திருக்கையும் காத்துக்கொண்டிருந்தோம். அவன், "அம்மா கத்திறா மச்சான், வலை பொத்தக் கிடக்கு" என்றான். என் விரல் தானாகவே தட்டிவிட்டது: "நீ எந்த ஊர்? ஆற்றை மகன்?"

பிறகு அவன் பேசவில்லை, எழுதினான்.

"நீ ஆர்?"

"பனங்காய்" என்றேன்.

"இல்லை. விளையாட்டு மறந்துபோச்சு எண்டு நம்பினன். மைக் பழுது எண்டும் நம்பினன். ஆனால் அவன் உதைக் கேக்கமாட்டான். உந்தக் கேள்வியாலை தகப்பனோடை கதைக்கிறதையே விட்டவன் அவன். எங்கை அவன்? ஃபோன் உன்னட்டை எப்பிடி வந்தது? மற்றவங்களுக்கும் சொல்லி எல்லாருமாத் தேடப்போறம்."

அதை வாசித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற இருவருக்கும் தெரிந்துவிட்டால் என் பிள்ளை இரண்டாந்தரமும் சாவான் என்பது மட்டும் விளங்கியது. முதல் சாவைத் தடுக்க என்னால் முடியவில்லை. நான் எழுதினேன்: "தம்பி, நான் அவன்ரை அப்பா. மோட்டார் சைக்கிள் விபத்து. பிள்ளைக்கு நடக்கேலாது, கையும் வழங்காது. உங்களுக்குத் தெரியவேண்டாம் எண்டு அழுகிறான். அவன் சொல்லச் சொல்ல நான்தான் எழுதிறனான். நேரை வந்து பாருங்கோ. அதுவரைக்கும் ஆருக்கும் சொல்லாதையுங்கோ."

உடனே அவன் பாஷை மாறிவிட்டது. "ஐயா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் ஜெரோசன். குருநகர். நான் வாறன் ஐயா. ஆருக்கும் சொல்லேல்லை. அவனுக்கு என்ன கொண்டு வரட்டும்?" கேட்காமலே ஊரையும் பெயரையும் சொல்லிவிட்டான். எங்கள் வீட்டு வாசலில் அது சொல்லப்படவேண்டும் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது. நண்டு கொண்டு வாருங்கள் என்றேன்.

எங்கள் ஊரையும் வழியையும் சொல்லி, முன்பக்கத்தில் கடிநாய் நிற்கிறது, மோட்டார் சைக்கிளைக் கோயிலடியில் விட்டுவிட்டுப் பின் ஒழுங்கையால் பற்றைக்குள் இருக்கும் ஒற்றையடிப் பாதையில் நேரே வாருங்கள் என்று எழுதினேன். எங்கள் வீட்டில் நாய் இல்லை. அந்தப் பாதை பழைய வீட்டுக் கிணற்றடியால் வருவது. சண்டைக் காலத்தில் கிணற்றுக் கட்டு இடிந்துபோய்விட்டது. வாய் நிலத்தோடு நிலமாக இருக்கும், சுற்றிவர நாயுண்ணிப் பற்றை. மாடு கன்று விழுந்துவிடும் என்று கீர்த்திகன் அதன்மேல் பெரிய தகரம் ஒன்று போட்டுக் கல் வைத்திருந்தான். அந்தத் தகரத்தை விறகு நனையாமல் மூடுவதற்காக நான் எடுத்திருந்தேன். தகரம் கிடந்த இடம் வெறிச்சென்று இருந்ததால் கொஞ்சம் ஓலை போட்டு வைத்தேன்.

பின்னேரம் வெயில் தணியும்போது வந்தான். ஒல்லியான பிள்ளை. கழுத்தில் சிறிய சிலுவை. நடக்கும்போதே வீட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தான். "டேய் பனங்காய்! சுட வந்திருக்கிறன்ரா, வெளியிலை வா!" என்று கத்தினான். நான் குசினி யன்னலில் நின்று பார்த்தேன். நில்லுங்கோ தம்பி என்று சொல்ல நேரம் இருந்தது.

வெயில் காலம் என்பதால் கிணற்றில் ஆள் மட்டத்துக்குச் சற்று மேலேதான் தண்ணீர். மற்றது, அவன் கடற்கரைப் பிள்ளை. நீந்தத் தெரியும். பக்கமெல்லாம் வழுக்கும் சுண்ணாம்புக் கல், பிடித்து ஏற இடமில்லை. முதலில் என்னைக் கூப்பிட்டான். "ஐயா! ஐயா, கிணத்துக்கை விழுந்திட்டன், கயிறு போடுங்கோ!" என்னிடம் கயிறு இருந்தது. கொடியில் இருந்து அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பாதி வழியில் அவன் கூப்பிடுவது மாறியது. "பனங்காய்! விழுந்திட்டன்ரா மச்சான்! எழுப்படா!"

நான் நின்றுவிட்டேன். செத்த வீடு முடிந்த நாளிலிருந்து எங்கள் வளவுக்குள் யாரும் என் மகனைக் கூப்பிட்டதில்லை. அவனைப் பற்றிப் பேசுவார்கள், இருந்தான், செய்தான் என்று. இவன் அப்படி அல்ல. அவன் வருவான் என்று முழுதாக நம்பிக் கூப்பிட்டான். கிணற்றின் ஆழத்தால் குரல் பெரிதாகி வீடு முழுவதும் போய் நிறைந்தது. பழைய சுவரிலும் பட்டுத் திரும்பியது. நான் கிணற்றடியில் குந்தினேன். எட்டிப் பார்க்கவில்லை.

"தம்பி," என்றேன், "அவன்ரை பேர் கீர்த்திகன். வீட்டிலை கீர்த்தி எண்டுதான் கூப்பிடுறது."

"ஐயா, கயிறு போடுங்கோ!"

"அவன் வாறான். பலமாக் கூப்பிடுங்கோ. அவனுக்குக் கேக்கோணும்."

அவன் கூப்பிட்டான். நல்ல பிள்ளை, சொல்வழி கேட்பவன். கீர்த்தி, கீர்த்தி என்று நெடுநேரம் கூப்பிட்டான். ஐயாவை விட்டுவிட்டான். இடையில் ஒருமுறை அழுதான், ஒருமுறை மாதாவைக் கூப்பிட்டான், பிறகு திரும்பவும் கீர்த்தி என்றே தொடங்கினான். குரல் மெலிந்து வரும்போது நான் வீட்டுக்குள்ளும் ஒருக்கால் எட்டிப் பார்த்தேன். யாராவது எழும்பி வருகிறார்களோ என்று.

நண்டுப் பை பாதையில் கிடந்தது. இரண்டு நண்டு வெளியே ஊர்ந்துவிட்டன, பிடித்துக் கழுவினேன். சமைத்துப் பழக்கமில்லை. மிளகாய்த்தூள் போட்டு அவித்து, வாழையிலையில் வைத்து, மகனின் படத்துக்கு முன்னால் படைத்தேன். அப்போது வளவு அமைதியாகிவிட்டிருந்தது.

கோயிலடியில் நின்ற மோட்டார் சைக்கிளை வைத்து நீங்கள் என்னைக் கண்டுபிடித்தீர்கள். ஜெரோசனின் தாய் உங்கள் பொலிஸ் நிலைய வாசலில் நிற்பதைக் கண்டேன். மகன் எங்கே என்று என்னைக் கும்பிட்டுக் கேட்டா. தகரம் இப்போது திரும்பக் கிணற்றின்மேல் இருக்கிறது, கல்லும் வைத்திருக்கிறேன். அதைத் தூக்கிப் பாருங்கள். பிள்ளையை அவவிடம் கொடுங்கள். நீங்கள் கேட்கமுதல் நானே திருத்திவிடுகிறேன்: விறகுக்காக எடுத்தேன் என்று மேலே எழுதியது பிழை. பங்குனியில் எங்கள் பக்கம் மழை இல்லை. தகரத்தை இழுத்ததும், ஓலை பரப்பியதும், கயிற்றோடு குந்தியிருந்ததும் நான். ஜெரோசனைக் கொன்றவன் நான்தான்.

ஒரு சின்ன உதவி. ஐஸ்பழமும் கொத்தும் இன்று பின்னேரமும் வந்து நிற்பார்கள். திருக்கை கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்று நான் எழுதியதை நம்பி, அவனுக்கு ஏசிக்கொண்டிருக்கிறார்கள். தொலைபேசி உங்கள் மேசையில் இருக்கிறது. திறக்கிற இலக்கம் கீர்த்திகனின் தாய் பிறந்த வருடம், அவனுடைய பிறப்புப் பத்திரத்தில் இருக்கும். யாராவது ஒருவர் "வாறன்" என்று மட்டும் போட்டுவிடுங்கள். முற்றுப்புள்ளி வேண்டாம், அவன் வைப்பதில்லை. பதில் வராவிட்டால் என் பிள்ளைக்கு ஏதோ நடந்துவிட்டது என்று அவர்கள் நினைத்துவிடுவார்கள்.