வெண்ணெய்ப் பொட்டு வைத்த பானை

சுதிங்: பானையைச் சாய்க்காதய்யா! முழுசும் போச்சா, மிச்சம் இருக்கா, அதை மட்டும் சொல்லு.

உர்கென்: அடியில... கொஞ்சம் வண்டல் இருக்கு.

சுதிங்: வண்டலை வெச்சு நான் என்ன பண்றது? விடிஞ்சதும் வர்றோம்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க, நுர்பு வீட்டு ஆளுங்க. வந்து நிப்பாங்களே!

உர்கென்: எந்த நுர்பு?

சுதிங்: ஒண்ணும் தெரியாதவன் மாதிரி கேக்காத. ஆத்துக்கு அந்தப் பக்கம், டோமா பெத்தது.

உர்கென்: ஓ... டோமா வீட்டுப் பானையா இது?

சுதிங்: அவங்க பானைதான். நேத்து மதியம் அவனோட அப்பன், சித்தப்பன், டோமா மூணு பேரும் சுமந்துட்டு வந்தாங்க. நம்ம லாமுவைப் பொண்ணு கேட்டு.

உர்கென்: அடடா.

சுதிங்: அடடாவாம்! கல்யாணம் ஆகி இத்தனை வருஷம் கழிச்சு உனக்கு நான் பாடம் எடுக்கணுமா? பொண்ணு கேட்டு வந்த அரிசிக் கள்ளை, அந்தச் சாங்கைக் குடிச்சா என்ன அர்த்தம்?

உர்கென்: பொண்ணைக் குடுத்தாச்சுன்னு அர்த்தம்.

சுதிங்: தொடாம அப்படியே திருப்பினா?

உர்கென்: இல்லைன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா? உங்க அப்பா என்னோட பானையை மூணு நாள் வாசல்லயே வெச்சிருந்தாரு. நான் அந்தப் பக்கமா யாக் மாட்டை ஓட்டிக்கிட்டுப் போறதும் வர்றதுமா...

சுதிங்: பழைய கதையை விடு. பேசாம பானையை அப்படியே தூக்கிக் குடுத்து அனுப்பலாம்னு இருந்தேன். அவங்களும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போயிருப்பாங்க. முடிஞ்சிருக்கும். இப்போ?

உர்கென்: நான் என்ன பண்ணுவேன்... கணவாயைத் தாண்டி மாட்டோட நாள் பூரா நடந்து வந்தேன். பனிக்காத்து. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. வீட்டுல ஒருத்தரும் இல்ல. நீ எங்க போன?

சுதிங்: மடத்துக்கு. விளக்கேத்த.

உர்கென்: லாமு?

சுதிங்: மாட்டுக்குப் புல்லு அரிய. நீ பேச்சை மாத்தாத.

உர்கென்: மாத்தல. அடுப்பு ஓரமா பானை இருந்துச்சு. குடிச்சேன். அவ்வளவுதான். திருப்பி அனுப்பற பானையை எவளாவது அடுப்பு ஓரமா வெப்பாளா? வாசல் கல்லு மேல இருந்திருந்தா நான் தொட்டிருப்பேனா?

சுதிங்: வாசல்ல வெச்சா நாய் உருட்டிடும்னு உள்ள வெச்சேன். மூணு கால் நாய்தான் உருட்டும்னு நினைச்சேன், ரெண்டு கால் நாய் வரும்னு யாரு கண்டா?

உர்கென்: நாய்க்கு நாலு காலு.

சுதிங்: நம்ம நாய்க்கு மூணுதான்! ஒண்ணு நொண்டி. பானை வாயில மூணு பொட்டு வெண்ணெய் வெச்சிருந்தாங்களே, அதுகூடவா கண்ணுக்குத் தெரியல?

உர்கென்: இருட்டு. கையில ஏதோ வழுக்குச்சு. நக்கிப் பாத்தேன், வெண்ணெய். நல்லா இருந்துச்சு.

சுதிங்: ஐயோ, ஐயோ...

லாமு: அம்மா, எதுக்கு இப்படிக் கத்தற? ஊத்துல தண்ணி புடிச்சுட்டு வர்றேன், அங்க வரைக்கும் கேக்குது.

சுதிங்: வாடி. உங்க அப்பா பண்ணியிருக்கற வேலையைப் பாரு. நேத்து வந்த சாங்கை ஒரே மூச்சுல குடிச்சுட்டாரு.

லாமு: ...குடிச்சுட்டாரா? முழுசா?

உர்கென்: ஒரே மூச்சுல எல்லாம் இல்லம்மா. நடுவுல மூச்சு விட்டேன்.

சுதிங்: சிரிக்கறியா லாமு?

லாமு: இல்லையே... தண்ணி கனம். மூச்சு வாங்குது.

சுதிங்: உன்னைக் குடுத்தாச்சுடி! தெரியாம குடிச்சேன்னு சொன்னா டோமா விடுவாளா? ஊரைக் கூட்டிடுவா. குடிச்சவன் வயித்துல இருக்கறதை எடுத்துக் காட்டச் சொல்லுவா.

உர்கென்: அந்தப் பையன் நல்ல பையன்தானே. மாட்டுக்கு அடிபட்டப்போ ஓடி வந்து...

சுதிங்: பையனைப் பத்தி நான் பேசல. டோமாவைப் பத்திப் பேசறேன். திருவிழாவுல, அத்தனை பேரு முன்னாடி, என் சாங்கை வாயில வெச்சுட்டு என்ன சொன்னா?

உர்கென்: போனது போகட்டும்...

சுதிங்: "பாத்திரம் கழுவின தண்ணியை யாரு ஊத்தினது"ன்னு சொன்னா! என் சாங்கை! இந்தப் பள்ளத்தாக்குல எவ வீட்டுல பிரசவம்னாலும், எழவுனாலும் என் வீட்டுக்குத்தான் ஜாடி எடுத்துட்டு வருவாங்க. அவ வீட்டுச் சாங்கை மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிப் போகும். அந்தப் புளிச்ச தண்ணியைப் பானை நிறைய எப்படிய்யா குடிச்ச நீ?

உர்கென்: தாகம்.

சுதிங்: தாகத்துக்கு ஒரு கிண்ணம். மூணு கிண்ணம்னு வெச்சுக்க. பானை முழுசுமா?

உர்கென்: பெரிய தாகம்.

சுதிங்: காத்மாண்டுல என் அண்ணன் காத்துக்கிட்டு இருக்கான். லாமுவுக்கு அவன் பாத்து வெச்சிருக்கறது ஹோட்டல் வெச்சிருக்கற பையன். "பாக்கலாம்"னு வாய் விட்டுச் சொல்லியிருக்கேன். அவன்கிட்ட என்னன்னு சொல்லுவேன்?

லாமு: பாக்கலாம்னுதானே சொன்ன. குடுக்கறேன்னு சொல்லலையே.

சுதிங்: நீ சும்மா இரு. சன்னல்கிட்ட போய் நின்னு பாரு, வர்றாங்களான்னு.

லாமு: ...பாலத்துல ஆளுங்க தெரியுது. மூணு பேரு.

உர்கென்: அவங்கதானா?

லாமு: டோமா அத்தையோட சிவப்புத் துண்டு தெரியுது.

சுதிங்: அத்தையாம்! சரி, நேரம் இல்ல. பின்கட்டுல நம்ம ஜாடி ஊறுதுல்ல? எடுத்துட்டு வா.

லாமு: எதுக்கு?

சுதிங்: வடிகட்டி இந்தப் பானையில ஊத்தி நிரப்பி வைக்கலாம். வெண்ணெய்ப் பொட்டை நான் வெச்சுடறேன். அப்படியே எடுத்துட்டுப் போகட்டும். யாரும் குடிக்கவே இல்ல.

லாமு: அம்மா, அது... அது சரியா? சாமிக்கு விரலால தெளிச்சுக் கொண்டு வந்ததை மாத்தலாமா?

சுதிங்: சாமிக்கு நான் பதில் சொல்லிக்கறேன். டோமாவுக்குப் பதில் சொல்ல என்னால ஆகாது. சல்லடையைப் புடி. ஜாடியில ஊறின சோத்தை இதுல போடு. வெதுவெதுன்னு தண்ணி ஊத்து... மெதுவா! ஏன்டி வெளிய சிந்தற?

லாமு: தண்ணி சுட்டுடுச்சு.

சுதிங்: வெதுவெதுப்பான தண்ணிதானே அது? நல்லாப் பிழி. வெள்ளையா வரணும்.

உர்கென்: இது சரிப்படாது சுதிங். வீட்டுக்குப் போய் ஒரு வாய் குடிச்சாலே கண்டுபுடிச்சுடுவாங்க. வேற வீட்டுச் சாங்குன்னு தெரியாதா?

சுதிங்: அதுக்குத்தான் நீ இருக்கற. குடிச்ச வாய்தானே? இந்தா, ஒரு மிடறு குடிச்சுப் பாரு. நேத்து குடிச்சது எப்படி இருந்துச்சு, இது எப்படி இருக்கு? புளிப்பு வேணும்னா பழைய சாங்கைக் கலந்துடலாம். தண்ணி வேணும்னா ஊத்திடலாம்.

உர்கென்: எனக்கு வேண்டாம். நேத்து குடிச்சதே இன்னும்...

சுதிங்: குடி.

உர்கென்: ...ம்.

சுதிங்: என்ன ம்?

உர்கென்: நல்லா இருக்கு.

சுதிங்: நல்லா இருக்குன்னு எனக்குத் தெரியும். நேத்தைய சாங்குக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

உர்கென்: பெருசா ஒண்ணும்... வித்தியாசம் இல்ல.

சுதிங்: வித்தியாசம் இல்லையா?

உர்கென்: ஒண்ணுமே இல்ல. அதே மாதிரிதான்.

லாமு: அப்பா!

சுதிங்: ஏன்டி சல்லடையைக் கீழ போட்ட? எல்லாம் கொட்டுது பாரு!

லாமு: வழுக்கிடுச்சு.

சுதிங்: இருக்கட்டும். யோவ், என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. டோமாவோட சாங்கு என் சாங்கு மாதிரியே இருந்துச்சா?

உர்கென்: இருட்டுல... ருசி தெரியல.

சுதிங்: நாக்குக்கு எதுக்குய்யா வெளிச்சம்? என் சாங்குக்குன்னு ஒரு வாசம் உண்டு. ஒரு பிடி பார்லியைக் கருக வறுத்து அரிசியோட போடுவேன். முழுங்கினப்புறம் தொண்டையில ஒரு கருகல் நிக்கும். அது இருந்துச்சா?

உர்கென்: கிண்ணத்தைக் கழுவிட்டு வர்றேன்.

சுதிங்: கிண்ணம் இருக்கட்டும். சொல்லு.

உர்கென்: இருந்துச்சு.

சுதிங்: இந்த வழக்கம் எங்க அம்மாகிட்ட இருந்து எனக்கு வந்துச்சு. நான் ஒருத்திக்குத்தான் சொல்லிக் குடுத்தேன். அந்த ஒருத்தி இப்போ தரையைத் துடைக்கற மாதிரி குனிஞ்சுக்கிட்டு இருக்கா.

லாமு: அவங்க மந்திரக்கல் சுவர்கிட்ட வந்துட்டாங்க அம்மா.

சுதிங்: வரட்டும். அன்னிக்கு மேட்டுக் குடிசைக்கு உருளைக்கிழங்கு தோண்டப் போறேன்னு போனியே... நம்ம கனத்த போர்வையை எதுக்குடி எடுத்துட்டுப் போன? வெயில் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

லாமு: ராத்திரி குளிரும்னு.

சுதிங்: உனக்கா, பானைக்கா?

லாமு: ...பானைக்கு. சூடு இருந்தாத்தானே சாங்கு ஊறும்.

உர்கென்: விடு சுதிங். புள்ளையை...

சுதிங்: நீ பேசாத. அவ சொல்லட்டும்.

லாமு: நுர்புதான் அரிசி வாங்கிட்டு வந்தான். புளிக்க வைக்கற மர்ச்சா உருண்டை நம்ம வீட்டுது. நான்தான் ஊற வெச்சேன். அவங்க அம்மாகிட்ட கீழ் ஊர்ல வாங்கினதுன்னு சொல்லியிருக்கான். அவங்களுக்குத் தெரியாது.

சுதிங்: ஏன்டி இப்படி?

லாமு: அவங்க வீட்டுச் சாங்கு வந்தா நீ மோந்து பாத்ததுமே மூக்கைப் புடிச்சுக்கிட்டு வெளிய வெச்சுடுவ. ஒரு வாயாவது குடிச்சுப் பாக்கணும்னு நினைச்சேன். உனக்குப் புடிச்ச மாதிரி இருந்தா... கை தானா போகும்னு. பானை திரும்பிப் போயிடுமோன்னு நேத்து ராத்திரி பூரா தூங்கல அம்மா. பயமா இருந்துச்சு.

சுதிங்: காத்மாண்டுப் பையனுக்கு என்ன குறை?

லாமு: ஒரு குறையும் இல்ல. வந்தான், உக்காந்தான், போனைப் பாத்தான், போயிட்டான். டீ குடுத்தது யாருன்னு கேட்டா சொல்லத் தெரியாது அவனுக்கு.

சுதிங்: நுர்புவுக்கு?

லாமு: நான் குடத்தைத் தூக்கினா, எந்தத் தோள்ல வலின்னு அவனுக்குத் தெரியும்.

சுதிங்: ம்... யோவ், இங்க வா. குனி.

உர்கென்: எதுக்கு?

சுதிங்: குனின்னா குனி. உச்சியில என்ன இது?

உர்கென்: என்ன?

சுதிங்: வெண்ணெய். நக்கிட்டேன்னு சொன்ன. நக்கின வெண்ணெய் உச்சந்தலைக்கு எப்படி ஏறிச்சு? சம்பந்தம் பேசற சாங்கைக் கையில வாங்கினவன்தான் பொட்டு எடுத்துத் தலையில வெப்பான். தெரிஞ்சுதான் குடிச்சிருக்க!

லாமு: அப்பா... உங்களுக்குத் தெரியுமா?

உர்கென்: முதல் கிண்ணம் தெரியாமதான் குடிச்சேன். சத்தியமா. ரெண்டாவதுல அந்தக் கருகல் வந்துச்சு. அப்புறம்தான் விளக்கைக் கொளுத்திப் பானையைப் பாத்தேன். டோமா வீட்டுப் பானை, எம்பொண்ணு கை. எனக்கு விளங்கிடுச்சு. தன்னைப் பொண்ணு கேக்கறதுக்குத் தானே சாங்கு ஊற வெச்சிருக்கான்னா, அவளுக்கு எவ்வளவு ஆசை இருக்கணும்? அதைத் திருப்பி அனுப்ப மனசு வரல. உன்கிட்ட நேரா சொல்ற தைரியமும் இல்ல. அதான்... வெண்ணெயை எடுத்துத் தலையில வெச்சுக்கிட்டு மிச்சத்தைக் குடிச்சேன். இவ போயிடுவான்னு நினைச்சுக்கிட்டே குடிச்சேன். அழுகையா வந்துச்சு.

லாமு: அம்மா, கதவைத் தட்டறாங்க.

உர்கென்: என்ன சொல்லப் போற சுதிங்? எதுனாலும் என் தலையில போட்டுடு. நான் வாங்கிக்கறேன்.

லாமு: அம்மா... பிழிஞ்சதைப் பானையில ஊத்திக் குடுத்து அனுப்பப் போறியா?

சுதிங்: அதை எடுத்துப் பின்கட்டுல வை. வர்றவங்களுக்கு ஊத்தணும்ல. கண்ணைத் துடை. அவங்க காலிப் பானையைக் கவுத்துக் கதவுக்கு நேரா வை, டோமா கண்ணுல முதல்ல அதுதான் படணும்.

லாமு: அம்மா!

உர்கென்: இரு, இரு... அப்போ இவ்வளவு நேரம் கத்தினது?

சுதிங்: இவ வாயால வரட்டும்னுதான். நேத்து அவங்க அந்தப் பக்கம் திரும்பினதுமே நான் விரலை விட்டு நக்கிப் பாத்துட்டேன்யா. என் சாங்கைப் பாத்திரம் கழுவின தண்ணின்னு சொன்னவ, மூச்சு வாங்க வாங்க என் சாங்கையே மேடேத்திக் கொண்டு வந்திருக்கா. இனி அவ காலம் பூரா அதைத்தான் குடிச்சாகணும். ஆனா, எம்புள்ளையைக் குடுக்கற சாங்கு... நான் குடிக்கலாம்னா தொண்டையில இறங்கல. அண்ணனுக்கும் ஒரு பதில் வேணும், தாகத்துல இந்த மனுஷன் தெரியாம குடிச்சுட்டான்னு. அதான் நீ மாட்டோட இறங்கி வர்ற மணிச்சத்தம் கேட்டதும் பானையை அடுப்போரம் நகத்தி வெச்சுட்டு மடத்துக்குப் போனேன்.