அய்யப்பனுக்குப் போட்ட இரண்டாவது பிக்கப்

முதலில் ஃபேனை நிறுத்திவிடுகிறேன், தவறாக நினைக்காதீர்கள். கொஞ்சம் வியர்க்கும். ஆனால் அது ஓயாமல் முனகிக்கொண்டே இருக்கிற ஃபேன்; ஓடும்போது யார் பேசினாலும் எனக்குப் பாதிதான் காதில் விழும். சவுண்டு பார்க்கிற ஆளுக்கு இது தொழில் வியாதி. பிளாஸ்கில் டீ இருக்கிறது, ஊற்றிக்கொள்ளுங்கள்.

மேடைக் கலைஞர்கள் சங்கத்தில் இருந்து விசாரிக்க வந்திருக்கிறீர்கள். கேட்காமலே சொல்கிறேன். என் பெயர் சக்கரபாணி. கோவிந்தசாமி அண்ணனின் மெல்லிசைக் குழுவில் மிக்ஸர் என் பொறுப்பு. பாடுகிறவர்களின் மைக், கீபோர்டு, டிரம்ஸ், கிதார் எல்லாம் ஒயர் வழியாக என் மேஜைக்கு வந்துதான் ஸ்பீக்கருக்குப் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபேடர் உண்டு, மேலும் கீழும் தள்ளுகிற சின்னக் குமிழ். மேலே தள்ளினால் ஊருக்குக் கேட்கும். கீழே இழுத்தால் கேட்காது. அய்யப்பன் உங்களிடம் எழுதிக் கொடுத்த புகார் அப்படி ஒரு குமிழைப் பற்றியது. அவன் எழுதியது உண்மைதான்.

ஆரம்பம் ரொம்பச் சாதாரணமானது. ஒரு கல்யாண வரவேற்பு. அய்யப்பனின் பேஸ் கிதார் அடிவயிற்றைக் கலக்குகிற சத்தம் போடும், அதன் வேலையே அதுதான். மாப்பிள்ளையின் சித்தப்பா என்னிடம் வந்து, பந்தியில் சாம்பார் வாளி தானாக நகர்கிறது என்று புகார் சொன்னார். பேஸ் ஃபேடரை அடியோடு இழுத்துவிட்டேன். அப்புறம் ஏற்ற மறந்துபோனேன். மறந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரி முடிந்து ஒயர் சுருட்டும்போது கோவிந்தசாமி அண்ணன் என் தோளைத் தட்டினார். “இன்னிக்கி சவுண்டு நல்லா கிளியரா இருந்திச்சிப்பா” என்றார்.

இதில் ஒரு விஷயம் உங்களுக்குப் புரிய வேண்டும். மேடையில் என் பெயரை யாரும் சொன்னதில்லை. “சவுண்டு, எக்கோ குடு”, “சவுண்டு, கொய்ங்குது பாரு” என்பார்கள். பாடகி துர்கா நன்றி சொல்லும்போது பந்தல் போட்டவர், ஜெனரேட்டர்காரர் வரைக்கும் வருவாள், என்னிடம் வரும்முன் பாட்டு ஆரம்பித்துவிடும். அப்படிப்பட்ட என்னை ஒருவர் பாராட்டினார். அடுத்த கச்சேரியிலும் பேஸ் கீழேயே இருந்தது. அதற்கடுத்ததிலும். யாருக்காவது தெரிகிறதா பார்ப்போமே என்று ஒரு ஆசை. யாருக்கும் தெரியவில்லை.

அய்யப்பனுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். மேடையில் அவன் காலடியில் ஒரு ஸ்பீக்கர் இருக்கும், அது அவனுக்கு மட்டும். அதில் அவன் சத்தத்தைத் தாராளமாகக் கொடுத்துவந்தேன். அந்த விஷயத்தில் நான் கஞ்சத்தனம் பண்ணியதே இல்லை. அவன் கண்ணை மூடி, தலையை ஆட்டி, அப்படி ரசித்து வாசிப்பான். பின்னால் இருட்டில் உட்கார்ந்து பார்க்க எனக்கே சந்தோஷமாக இருக்கும்.

சிக்கல் அவன் அம்மாவால் வந்தது. அய்யப்பனுக்கு ஊர் வைத்திக்குப்பம். அம்மா பூவாயி மீன் விற்கிறவர். கடற்கரையில் நின்று கூப்பிட்டால் மைக்கே வேண்டாம். போன வருஷ மாசி மகத்துக்கு அவர்கள் குப்பத்திலேயே எங்கள் கச்சேரி. முன்வரிசையில் உட்கார்ந்து முழுதும் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: “எல்லாரும் வாசிக்கிறாங்க. எம்புள்ள மட்டும் அதத் தடவிக்கினு நிக்குது.”

குப்பமே சிரித்தது. அன்று தொடங்கி அவனுக்குத் தடவல் என்று பெயரே வைத்துவிட்டார்கள். கோவிந்தசாமி அண்ணனும் பேஸுக்குக் கீபோர்டு வாசிக்கிறவரின் இடதுகையே போதும்போல இருக்கிறதே என்று யோசிக்க ஆரம்பித்தார். இந்த வருஷம் மாசி மகம் நெருங்கியபோது பூவாயி முடிவாகச் சொல்லிவிட்டார். இந்தத் தடவையும் சத்தம் வரவில்லையென்றால் அந்தக் கட்டையை வீட்டில் தொங்கவிட்டுவிட்டு கூடப்பிறந்த அண்ணனின் படகில் ஏற வேண்டியதுதான் என்று. அய்யப்பனுக்குப் படகு ஏறினால் குமட்டும். மீனவர் வீட்டுப் பிள்ளை அதை வெளியே சொல்ல முடியுமா? என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

என்னிடம்தான் ஓடி வந்தான். “எனக்கு நல்லாதான் கேக்குது சக்ரண்ணே. வெளிய ஏன் போவமாட்டுது?”

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். விரலால் ஒரு தள்ளு, விஷயம் முடிந்தது. ஆனால் இத்தனை நாள் ஏன் தள்ளவில்லை என்று கேட்பானே. அவன் மனசு கஷ்டப்படும். அதனால் கம்பியை மாற்றிப் பார் என்றேன். மாற்றினான். ஒயரை மாற்றிப் பார் என்றேன். அதையும் மாற்றினான். பிறகு கிதாரை வாங்கிக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல ஒரு பிக்கப்தானே இருக்கு? இன்னொண்ணு போடணும்” என்றேன்.

பிக்கப் என்பது கம்பிக்கு அடியில் இருக்கும் காந்தம். கம்பியின் அதிர்வைப் பிடித்து அனுப்புவது அதுதான். அவன் கிதாரில் கழுத்துப் பக்கமாக ஒன்று இருந்தது. கம்பி முடிகிற பக்கம் இரண்டாவது ஒன்று வைத்தால் சத்தம் இன்னும் இறுக்கமாக, கணீரென்று வரும். இதில் பொய் எதுவும் இல்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அந்த கிதாருக்கு ஒரு கதை உண்டு. பூவாயி மீன் கொடுத்துவந்த ஒரு சொல்தா வீட்டில், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற பெரியவர் வீட்டில், அவர் மகன் பிரான்சுக்குத் திரும்பிப் போகும்போது அய்யப்பனுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. தேன் நிறம். ஒரு கீறல் இருக்காது. அவன் பாயில் படுத்தாலும் அது கட்டிலில் படுக்கும். அதில் உளி வைக்க வேண்டும் என்றதும் அவன் முகம் செத்துவிட்டது. ஆனாலும் என் மேல் இருந்த நம்பிக்கையில் கொண்டுவந்து கொடுத்தான். இதே பெஞ்சில்தான் வைத்தேன். “பாத்துப் பண்ணுண்ணே” என்று சொல்லிவிட்டு, பார்க்க மனசில்லாமல் தெருவுக்குப் போய் நின்றுகொண்டான்.

நான் வேலையில் சுத்தம். உடைந்துபோன ஒரு கிதாரின் பிக்கப் என்னிடம் சும்மா கிடந்தது. அளவெடுத்து, கோடு போட்டு, குழி வெட்டி, உள்ளே ஒயர் போக வழி துளைத்து, புதுக் குமிழ் ஒன்று வைத்து, ஈயம் பற்றவைத்தேன். கூலியாக ஒரு பைசா வாங்கவில்லை. கொடுக்க வந்தான், நண்பர்களுக்குள் என்ன என்று சொல்லிவிட்டேன். கண்கலங்கிப் போனான்.

மாசி மகம் வந்தது. பகலெல்லாம் சாமிகள் கடலுக்கு வந்து தீர்த்தவாரி முடித்துப் போயின. சாயங்காலம் படகுகளை ஒதுக்கிவிட்டு மேடை போட்டார்கள். பூவாயி அதே முன்வரிசை. முதல் பாட்டில் நான் ஒன்றும் செய்யவில்லை. பையன்கள் “தடவல், தடவல்” என்று கத்தினார்கள். அய்யப்பன் என்னைத்தான் பார்த்தான். இரண்டாவது பாட்டில் ஃபேடரை மெதுவாக, ரொம்ப மெதுவாக, மேலே தள்ளினேன்.

நன்றாக வாசித்தான். அதை நான் மனசாரச் சொல்கிறேன், அவ்வளவு நாளும் வீணாகப் போனதே என்று எனக்கே இருந்தது. மணலே அதிர்ந்தது. பூவாயி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம், “எம்புள்ள இங்க வந்து இடிக்குது” என்றார். பாட்டு முடிந்ததும் அய்யப்பன் மைக்கைப் பிடுங்கி, இதெல்லாம் சக்கரபாணி அண்ணன் போட்ட பிக்கப், அவர் இல்லையென்றால் நான் இல்லை என்றான். குப்பமே திரும்பி இருட்டில் என்னைத் தேடியது. பூவாயி வந்து என் கன்னத்தை வழித்து, “நீ நல்லா இருப்ப தம்பி” என்றார். கையில் மீன் வாசனை. அன்றைக்கு நான் அழுதேன். அதை ஏன் மறைக்க வேண்டும்?

அதன் பிறகு ஒவ்வொரு மேடையிலும் என் பெயரைச் சொன்னான். நானும் ஃபேடரை இறக்கவில்லை. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒரு மேடையில் சொல்ல மறந்தான். அடுத்ததிலும். லாஸ்பேட்டையில் ஒரு வரவேற்பில் யாரோ ஒரு காலேஜ் பையன், உங்க பேஸ் மட்டும் எப்படி அண்ணே இப்படி என்று கேட்டான். நான் பக்கத்தில் ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தேன். அய்யப்பன் சொன்னான்: “எல்லாம் கைப்பழக்கம்தான்.”

எனக்குக் கோபம் வரவில்லை. ஞாபகப்படுத்த வேண்டும் என்றுதான் தோன்றியது. அடுத்த கச்சேரியில் கொஞ்சம் இறக்கினேன். அதற்கடுத்து இன்னும் கொஞ்சம். எதிர்பார்த்தபடியே வந்தான். “சக்ரண்ணே, மறுபடியும் போவமாட்டுது.” நான் கிதாரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் இடம் இருக்கிறது, மூன்றாவது ஒன்று போடலாம் என்றேன். உடனே கிதாரை விட்டுவிட்டுப் போனான்.

அங்கேதான் பிசகு நடந்தது. என்னுடைய பிசகுதான். கிதார் என்னிடம் இருக்க, அவன் யாரிடமோ ஒரு பழைய பேஸை இரவல் வாங்கிக்கொண்டு கச்சேரிக்கு வந்தான். அதில் ஒரே ஒரு பிக்கப், அதுவும் துரு. நடுவில் நான் டீ குடிக்கப் போனேன். துர்காவுக்கு எக்கோ போதவில்லையாம். பாடாத நேரத்தில் இறங்கி வந்து, ஆள் இல்லையே என்று தானே ஒரு ஃபேடரைத் தள்ளியிருக்கிறாள். தள்ளியது பேஸ் ஃபேடர். மண்டபம் இடிந்த மாதிரி சத்தம். கையில் டீ டம்ளரோடு நான் வாசலில் நிற்கிறேன். அய்யப்பன் முதலில் தன் கையில் இருந்த ஓட்டைக் கிதாரைப் பார்த்தான். பிறகு துர்காவின் கையைப் பார்த்தான். பிறகு என்னை.

நேராக உங்களிடம் வந்து புகார் எழுதிக் கொடுத்திருக்கிறான். என்னிடம் வரவில்லை. பூவாயி மட்டும் வந்தார். இந்த வாசலில் நின்று, அந்தக் குரலை வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்: “ஏம்பா, உனக்கு எம்புள்ள என்னா பண்ணிச்சி?” கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவ்வளவுதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வேண்டுமென்றே செய்தேன், தெரிந்தே செய்தேன், தேவையே இல்லாமல் ஒரு நல்ல மரத்தைக் குடைந்தேன். அவன் படகேற வேண்டியிருக்கும் என்று தெரிந்தும் செய்தேன்.

கிதார் அதோ, துணிக்கு அடியில். தூசு போகக் கூடாது என்று மூடி வைத்திருக்கிறேன். மூன்றாவது குழியை நேற்றுத்தான் வெட்டி முடித்தேன். தடவிப் பாருங்கள், எவ்வளவு வழுவழுப்பு. பிக்கப்பும் தயாராக இருக்கிறது. இதைப் பாதியில் விட்டால் நன்றாகவா இருக்கும்? கோபம் தணிந்ததும் அய்யப்பனை வரச் சொல்லுங்கள், பொருத்திக் கொடுத்துவிடுகிறேன். ஒரே ஒரு கச்சேரிக்கு மட்டும் என்னை மறுபடி மிக்ஸரில் உட்கார விடச் சொல்லுங்கள். வித்தியாசம் ஊருக்கே கேட்கும், அதற்கு நான் பொறுப்பு.