சோணைமுத்துவுக்காகக் கேட்ட அவகாசம்

அவகாச மனு எழுதுவதில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் என்னை மிஞ்ச வக்கீல் இல்லை. தொண்டை வலி, டைப்பிஸ்ட் வீட்டுக் கல்யாணம், ஆடிப்பூரத் தேர் என்று காரணத்தைப் பதமாகச் சொல்வேன். சோணைமுத்துவின் அப்பீலில் எழுத்து வாதம் தாக்கல் செய்ய ஏழு தடவை அவகாசம் கேட்டேன். ஏழு தடவையும் கிடைத்தது. ஜட்ஜ் தங்கமான மனுஷர்.

சோணைமுத்து, ராஜபாளையத்தில் என் மாமனாரின் மில் கார் டிரைவர். 1991 புரட்டாசிச் சனிக்கிழமை விடியற்காலையில், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலுள்ள திருவண்ணாமலைக் குன்றுக்குப் பெருமாளைச் சேவிக்க நடந்துபோன ஒரு பெரியவர் மேல் அந்தக் கார் ஏறிவிட்டது. அங்கேயே உயிர் போய்விட்டது. தான்தான் ஓட்டியதாகச் சோணைமுத்து போலீஸில் சொன்னான். இரண்டு வருஷம் தண்டனை விழுந்தது.

வாதத்தை எழுத நான் உட்காராமல் இல்லை. ஓட்டியவர் வெள்ளை வேட்டி கட்டியிருந்தார் என்று பூக்காரி ஜெயபாய் சாட்சி சொல்லியிருந்தாள். டிரைவர் காக்கி போட்டிருந்தான். அந்த ஒரு பாயிண்டில் அப்பீல் ஜெயித்துவிடும். ஆனால் அதை எழுதினால், வேட்டி கட்டியவர் யார் என்ற கேள்வி அடுத்த வரியில் வருகிறது. எத்தனை தாளைக் கிழித்தாலும் அங்கேதான் வந்து முட்டிக்கொண்டு நின்றேன்.

தண்டனையை நிறுத்திவைக்க மனுப் போட்டிருந்தால் வெளியே வந்திருப்பான். வந்தால் டீக்கடையில் உட்காருவான், பேசுவான். எனக்குப் பயமாக இருந்தது. போடவில்லை.

ஜெயிலில் பார்த்தபோது, "அப்பீல்ல எடுத்துருவேன்னு சொன்னியளே ஐயா," என்றான்.

"கொஞ்சம் பொறுலே," என்றேன். உள்ளே போன எட்டாம் மாதம் மஞ்சள் காமாலையில் இறந்துபோனான்.

அவன் மனைவி வெள்ளத்தாய் வன்னியம்பட்டியிலிருந்து என்னைத் தேடி வந்தாள். "அவிய உசுருதான் போச்சு. ஆளக் கொன்னவருங்கிற பேராவது போகட்டும் ஐயா. மகளைப் பொண்ணு பாக்க வாரவுக அதத்தான் கேக்காக."

குடும்பத்தார் அப்பீலைத் தொடரலாம், இறந்து முப்பது நாளுக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதை அவளிடம் நானேதான் சொன்னேன், மறைக்கவில்லை. கைநாட்டும் வாங்கிக்கொண்டேன். "ஒங்கள நம்பித்தான் இருக்கோம்," என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இன்று முப்பத்தொன்றாவது நாள். மனு என் மேஜை டிராயரில் இருக்கிறது.

அன்று காரை ஓட்டியவன் நான். வேட்டியும் என்னுடையதுதான். பக்கத்து சீட்டிலிருந்த சோணைமுத்து, "பிரேக்கு ஐயா, பிரேக்கு," என்று கத்தினான். பழியை ஏற்கச் சொன்னதும் நான்தான்.

ஆனாலும் வெள்ளத்தாயை நான் கைவிட்டுவிடவில்லை. தாமதத்தை மன்னிக்கக் கேட்டு ஒரு மனுப் போடலாம். நல்ல காரணமாக ஒன்று எழுத வேண்டும். அதற்குத்தான் கொஞ்சம் அவகாசம் தேவைப்படுகிறது.