கரையேறியவர்களின் எண்ணிக்கை

போட்டி முடிந்து மூச்சிரைக்க நிற்கிறவரிடம் கருத்துக் கேட்கக் கூடாது ஐயா. ஒன்று, நம்மைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவார். இல்லையென்றால் தண்ணீர் சில்லென்று இருந்ததற்கும் நம்மைத் திட்டுவார். வீட்டுக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து எழுதுவதுதான் கருத்து. அதனால் எங்கள் டிரையத்லானில் கருத்துப் படிவத்தை முதலிலேயே எண் அட்டையோடு பையில் போட்டுக் கொடுத்துவிடுவேன். ஒரு வாரத்துக்குள் சங்கத்து வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டால் போதும்.

முதலில் ஏரியில் நீச்சல், அப்புறம் சைக்கிள், கடைசியில் ஓட்டம். ஒன்பது வருஷமாக நான்தான் செயலாளர். மற்ற வேலைகளைப் பிரித்துக் கொடுப்பேன். தண்ணீரிலிருந்து ஏறுகிறவர்களை எண்ணுவதை மட்டும் யாருக்கும் விட்டதில்லை. படித்துறையில் பட்டியலோடு நிற்பேன். தொப்பியில் இருக்கிற எண்ணைப் பார்த்து டிக் போடுவேன். எல்லாரும் ஏறியாயிற்று என்று நான் கை காட்டினால்தான் காவல் படகு கரைக்குத் திரும்பும். முப்பது வருஷம் நிலம் அளந்தவன் நான். என் கணக்கில் ஒரு அங்குலம் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.

படிவத்தின் தலையில் ‘பெயர் எழுத வேண்டாம்’ என்று அச்சடித்திருக்கும். பெயர் கேட்டால் எவன் உண்மை பேசுவான்? ஆனால் பேசியது யார் என்று ஒரு பொறுப்பாளருக்குத் தெரிய வேண்டாமா? ஒவ்வொரு தாளின் அடியிலும் ஊசியால் குத்திவைப்பேன். இடது மூலையில் நாலு, வலது மூலையில் ஒன்று என்றால் நாற்பத்தொன்றாம் எண். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரிந்துவிடும். குறை சொன்னவர்களின் தாளை மட்டும்தான் அப்படிப் பார்ப்பேன். பாராட்டியவரைத் துப்பறிந்து என்ன ஆகப்போகிறது?

போன வருஷம் ஒரு தாளில் இப்படி இருந்தது: ‘கரையேறுகிறவர்களை எண்ணும் முறையில் நம்பிக்கை இல்லை. ஒருவர் தண்ணீரிலேயே தங்கிவிட்டாலும் இவருக்குத் தெரியாது.’

இவருக்கு. என்னைத்தான் சொல்கிறது. தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். இடதில் நாலு, வலதில் ஒன்று. பல் டாக்டர். வருஷா வருஷம் அவருக்கு அதே எண்தான்.

எனக்கு வலித்தது ஐயா, மறைக்க மாட்டேன். அந்தத் தாளைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். “ஒத்த வரிக்காக வருஷம் பூரா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருப்பீங்களா?” என்று வீட்டில் அவள் கேட்டாள். அவள் ஏன் அந்த டாக்டருக்குப் பரிந்து பேசுகிறாள் என்று கொஞ்ச நாள் அதையும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரைக் கவனிக்க ஆரம்பித்தேன். எங்கே பார்த்தாலும் வணக்கம் சொன்னார். சங்கக் கூட்டத்தில் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மாவா? பல்லைப் பிடுங்குகிறவர் நம்மைப் பார்த்துப் பல்லைக் காட்டினால் சந்தேகப்படத்தான் வேண்டும். இந்த வருஷம் பை வாங்க வந்தபோது, “நீங்க கரையில நிக்கும்போது எங்களுக்கு என்னண்ணே கவலை?” என்றார். உள்ளே ஒன்று வைத்துக்கொண்டு வெளியே இப்படிப் பேச எத்தனை துணிச்சல் வேண்டும், பாருங்கள்.

போட்டியன்று காலையில் காற்று அதிகம். அறுபத்து மூன்று பேர் இறங்கினார்கள். கடைசி மிதவைக்கு அந்தப் பக்கம் ஒரு கை உயர்ந்ததைப் பார்த்தேன். ஆரஞ்சுத் தொப்பி. பட்டியலில் டிக் விழாமல் மிச்சமிருந்தது நாற்பத்தொன்று மட்டும்தான். கை ஒருமுறை இறங்கியது, மறுபடி உயர்ந்தது. படகு ஏரியின் மறுகோடியில், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. என் கழுத்தில் விசில் தொங்கியது.

அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று நேற்று கேட்டீர்கள். விசில் ஊதினால் எல்லாரும் ஓடி வருவார்கள். அவரை மேலே தூக்குவார்கள். அவர் ஊர் முழுக்கச் சொல்வார், ‘பார்த்தீர்களா, நான் எழுதினேனே’ என்று. ஒன்பது வருஷ உழைப்பு ஒரே காலையில் போய்விடும். அவ்வளவுதான் நினைத்தேன்.

படகுக்காரர் பக்கத்தில் வந்து, “எல்லாரும் ஏறியாச்சாண்ணே?” என்று குரல் கொடுத்தார். நாற்பத்தொன்றுக்கு நேராக டிக் போட்டேன். “ஏறியாச்சுப்பா, படகைக் கட்டிடு” என்றேன்.

சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒரு சைக்கிள் மட்டும் தனியாக நின்றது. பார்க்கிறவர்கள் கண்ணை உறுத்தும். தடுப்புக் கம்பி ஏற்றும் வண்டியில் அதைப் படுக்கவைத்து, மேலே தார்ப்பாய் போட்டு மூடினேன். பிறகு முடிவுக் கோட்டுக்குப் போனேன். டாக்டரின் மனைவி துண்டோடு நின்றுகொண்டிருந்தார். “அண்ணே, அவர இன்னும் காணலியே?” என்றார். “மெதுவா ஓடி வருவாரும்மா, வெயில் ஏறிடுச்சில்ல” என்று சொல்லி, நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

நேற்று நீங்கள் போன வருஷத்துக் கட்டிலிருந்து இன்னொரு தாளை எடுத்து மேஜையில் வைத்தீர்கள். அதிலும் இடதில் நாலு, வலதில் ஒன்று. எல்லாக் கேள்விக்கும் முழு மதிப்பெண். அடியில் டாக்டரின் கையெழுத்தில், ‘படித்துறையில் அண்ணன் நிற்பதைப் பார்த்தாலே பாதி பயம் போய்விடுகிறது.’

எப்படி ஆனது என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். தாள்களை அடுக்காக வைத்துக்கொண்டு குத்துவது என் வழக்கம். ஊசி கீழே இருந்த தாளிலும் இறங்கியிருக்கிறது. அது தொண்டர்களுக்கென்று எடுத்துவைத்த உபரித் தாள். அந்தக் குறையைப் படகுக்காரர் எழுதியிருக்கலாம். தண்ணீர் கொடுத்தவர்கள் எழுதியிருக்கலாம். என் வீட்டுக்காரியும் அன்று பழம் நறுக்கிக்கொண்டு அங்கேதான் இருந்தாள். அவளை விசாரித்தீர்களா ஐயா? விசாரியுங்கள். டாக்டர் விஷயத்தில் என்னைத் தப்பு செய்யவைத்தது அந்தத் தாளை எழுதியவர்தான்.

மற்றபடி, நீங்கள் டைப் அடித்துக்கொண்டு வந்த வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன். ஒரு இடத்தைத் தவிர எல்லாம் சரி. ‘எண்ணிக்கையில் கவனக்குறைவு’ என்று போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள், இல்லையென்றால் கையெழுத்துப் போட மாட்டேன். கரையேறியது அறுபத்திரண்டு பேர். அவர் உள்ளே இருக்கிறார் என்று, படகு திரும்புவதற்கு முன்பே எனக்குத் தெரியும்.