வண்டி நிறுத்த இடம்

திருச்செங்கோட்டிலிருந்து சேலம் போகும் பேருந்து. என் முன் இருக்கையில் ஒரு தம்பதி. அழகாபுரத்தில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் போடப் போகிறார்கள்.

“வண்டி நிறுத்திக்கலாம்னு ஓனரம்மா சொல்லீட்டாங்க,” என்றார் கணவர்.

“ரிக் வண்டின்னு சொன்னீங்களா?”

“வண்டின்னா வேறென்ன?”

“அவங்க காருன்னு நெனைச்சிருப்பாங்க. போர்வெல் போடற லாரிய கேட்டுக்குள்ள உடுவாங்களா?”

ஒப்பந்தத்தில் ‘ஒரு வாகனம்’ என்றுதான் எழுதுவார்கள். நீளத்தை யாரும் கேட்பதில்லை.

“அப்ப ஊடு வேண்டாமா?”

“வேணுங்க. அந்த பால்கனிய நான் உடமாட்டேன். வண்டி ஊர்லயே நிக்கட்டும்.”

“காவலுக்கு யாரு?”

“நீங்கதான். ஞாயித்துக்கெழம வாங்க, கறிசோறு ஆக்கி வெக்கறேன்.”

கணவர் சிரித்துக்கொண்டே ஓனரம்மாவுக்குப் போன் போட்டார்.

“வந்துட்டே இருக்கறமுங்க. வண்டி வராதுங்க. நான் மட்டும் அப்பப்ப வந்து நிப்பனுங்க.”