பின்கட்டுக்கு ஆறு குளிர்பெட்டி

— இங்க அந்த இடத்தோட பேரை யாரும் வாயால சொல்றதில்ல, மேடம். பெரிய டாக்டர்லேர்ந்து கேட்டுல நிக்கிற காவல்காரர் வரைக்கும் எல்லாருக்கும் அது பின்கட்டுதான். யாரும் சட்டமா எழுதி வைக்கல. ஆனா மீறினவங்களை நான் பார்த்ததில்ல.

— சரிங்க அண்ணே, பின்கட்டுன்னே வச்சுக்குவோம். அதை இடிக்கிறதுல உங்களுக்கு என்ன வருத்தம்? பழைய சாமான் போட்டு வைக்கிற கொட்டகைதானே?

— பழைய சாமானா? இருபத்தாறு வருஷமா அதோட சாவி என் இடுப்புல தொங்குது. இந்த ஆஸ்பத்திரியில எனக்குப் பேரே சாவிதான். கீழ வராந்தாவுல நீங்க ஒட்டியிருக்கிற புதுக் கட்டட வரைபடத்தைப் பார்த்தேன். ஏழு மாடி, முந்நூறு படுக்கை, டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்களுக்குத் தனி மண்டபம், எல்லாம் நிறைவா இருக்கு. என் இடத்து மேல மட்டும் சிவப்புக் கோடு. கார் நிறுத்துமிடமாம். நாங்க வேணாம்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல?

— அப்படியெல்லாம் இல்ல, கொஞ்சம் உட்காருங்க. வரைஞ்சவ நான்தான், எனக்கே தெரியல. அங்க என்னதான் நடக்குது?

— அதான் சொன்னேனே, பின்கட்டு.

— உள்ள என்ன இருக்குண்ணே?

— வர்றவங்களை வச்சிருப்போம்.

— யார் வருவாங்க?

— வார்டுல எல்லாம் முடிஞ்சு வர்றவங்க.

— டிஸ்சார்ஜ் ஆனவங்களா?

— ஒரு வகையில அப்படித்தான்.

— அப்புறம் வீட்டுக்குப் போயிடுவாங்களா?

— வீட்டுக்காரங்க வந்து கூட்டிட்டுப் போவாங்க. வண்டியில. படுக்க வச்சு.

— அண்ணே...

— புரிஞ்சுதா?

— புரிஞ்சுது.

— என்ன மேடம், முகம் வெளிறிப் போச்சு?

— ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு படிவம் கொடுத்து என்ன வேணும்னு கேட்டிருந்தேன். உங்ககிட்டேர்ந்து ஒரே ஒரு வரி வந்துச்சு. "பின்கட்டுக்குக் குளிர்பெட்டி ஆறு, பெரிய அளவு."

— என் கையெழுத்துதான். இப்ப இருக்கிற மூணுல ரெண்டு ஓடறதில்ல.

— நான் சமையல்கட்டோட பின்கட்டுன்னு நினைச்சுட்டேன். ஆறையும் கேன்டீனுக்குள்ள வச்சிருக்கேன்.

— கேன்டீனுக்குள்ளயா?

— பால் வைக்கிற இடத்துக்கு அடுத்து.

— அடக் கொடுமையே. சிரிக்காதீங்க மேடம்.

— சிரிக்கிறது நீங்கதாண்ணே.

— மூணு நாளா எனக்குச் சோறு இறங்கல. இப்ப சிரிச்சே வயிறு வலிக்குது. அப்போ எங்களை வேணாம்னு யாரும் சொல்லல?

— யாரும் சொல்லல. பேரையும் சொல்லல, அதான் வினை. ஆனா மதியம் மூணு மணிக்குக் கட்டடக் குழு வரைபடத்துல கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் ஒரு செங்கல்லைக் கூட நகர்த்த முடியாது. இருங்க, பெரிய டாக்டரை ஸ்பீக்கர்ல போடறேன்... டாக்டர், வணக்கம். வரைபடத்துல ஒரு இடம் விட்டுப்போச்சு. பின்கட்டு.

— விட்டுப்போச்சா? அது எப்படிம்மா விட்டுப்போகும்? அதாவது, அது இல்லாம எங்க பிள்ளைங்க எதை வச்சுப் படிக்கும்? தாராளமா இடம் ஒதுக்குங்க.

— கார் நிறுத்துமிடத்தை எடுத்துடலாமா?

— எடுத்துடும்மா. என் கார் வெயில்ல நின்னா ஒண்ணும் உருகிடாது.

— கேட்டீங்களாண்ணே?

— கேட்டேன். இப்பத்தான் மூச்சு வருது.

— இன்னும் ஒண்ணு, டாக்டர். வரைபடத்துலயும் வாசல் பலகையிலயும் என்ன பேர் எழுத?

— பேரா? அதாவது... ஜனங்க மனசு சங்கடப்படக் கூடாது பாரும்மா. "சேவைப் பிரிவு"ன்னு போடலாம். இல்லன்னா, அதாவது, "இளைப்பாறுமிடம்"னு...

— ஐயா, குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும், நான் சாவி. போன வாரம் ஒரு பெரியவர் அவர் சம்சாரத்தைத் தேடி வந்தாருங்க. கேட்டவங்க எல்லாரும் பின்கட்டு, பின்கட்டுன்னு கையைக் காட்டியிருக்காங்க. அவர் கேன்டீனுக்குப் பின்னால, சலவைக்கூடத்துக்குப் பின்னாலன்னு மூணு மணி நேரம் சுத்தியிருக்கார். பிணவறைன்னே எழுதச் சொல்லுங்க ஐயா. கேட்டுலேர்ந்தே பெரிய எழுத்துல, அம்புக்குறி போட்டு. பிணவறை.